ஒரு நாளுக்கென்று போன நெடுந்தீவு

நெடுந்தீவு என்ற பெயர் எனக்குச் செய்தியில்தான் பழக்கம். 'நெடுந்தீவு அருகே மீன் பிடித்துக்கொண்டிருந்த' என்று தொடங்கி, இத்தனை பேர் கைது, இத்தனை படகுகள் பறிமுதல் என்று முடியும். வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். அந்த 'அருகே'வுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கும், அங்கே யாராவது சாயங்காலம் புட்டு அவித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. யாழ்ப்பாணம் வரைக்கும் வந்துவிட்டோம், காட்டுக் குதிரைகள் இருக்கிறதாமே, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று கிளப்பியது நான்தான். இதை இவர், என் வீட்டுக்காரர், இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

நல்லூர்த் திருவிழா நேரம். யாழ்ப்பாணத்தில் அறை கிடைத்ததே பெரிய காரியம். துணிமணி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, ஒரு தோள்பை, ஒரு தண்ணீர் பாட்டில், கொஞ்சம் காசு, அவ்வளவோடு ஆறரைக்குப் பஸ் ஏறினோம். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல். அதில் நடந்து போய் ஆட்கள் வலை பார்க்கிறார்கள். வேலணை, அப்புறம் புங்குடுதீவு. புங்குடுதீவில் கூரையில்லாத பெரிய பெரிய வீடுகள். சொந்தக்காரர்கள் கனடாவிலோ பிரான்சிலோ இருக்க, ஆலமரம் உள்ளே குடியிருக்கிறது.

பஸ் முடியும் இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. இரண்டு வரிசை. நயினாதீவுக்குப் போகிற வரிசை நீளம்: நாகபூசணி அம்மனுக்குப் போகும் நம் சனமும், நாகதீப விகாரைக்குப் போகும் வெள்ளை உடுத்த சிங்களச் சனமும் ஒரே வரிசையில். நெடுந்தீவு வரிசையில் எங்களைத் தவிர எல்லோரும் ஊர்க்காரர்கள். காஸ் சிலிண்டர், வெங்காய மூட்டை, ஒரு மோட்டார் சைக்கிள், பிளாஸ்டிக் நாற்காலி ஆறு, ஒரு கல்யாண ஆல்பம், எல்லாம் எங்களோடு ஏறின.

பெயரை எழுதிக் கொடுத்து, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். டீசல் வாடை. பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி நீட்டினார்.

"தேசிக்காய மணந்துகொண்டு இருங்கோ பிள்ளை. சோளகம் பலத்திட்டுது. கடல் இண்டைக்குக் கொஞ்சம் ஆட்டும்."

தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே சோளகம் என்று பெயர். கொஞ்சம்தான் என்று அவர் சொன்னதை நம்பினேன். ஒரு மணி நேரம் அந்தத் தேசிக்காயை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. இவருக்கு அதுவும் பலிக்கவில்லை. இந்தப் பத்தியை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இறங்குகிற துறைக்கு மாவிலித்துறை என்று பெயர். அங்கே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1985 மே 15 அன்று இதே வழியில் வந்துகொண்டிருந்த 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து, கடற்படையினர் இருபதுக்கு மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. தேசிக்காய் அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஒரு நொடி நின்றார். அப்புறம் சிலிண்டரை உருட்ட ஆள் தேடிப் போனார்.

தீவைச் சுற்றிக் காட்ட ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் 4500 ரூபாய் கேட்டு 4000க்கு வந்தார். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு மூன்றரை ரூபாய். இவர் மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஐம்பது சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும் தீவு, மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. பாதி கான்கிரீட், பாதி மண் பாதை. இரண்டு பக்கமும் முருகைக்கல் வேலி. முருகைக்கல் என்றால் பவளப்பாறைக் கல். சுண்ணாம்பும் இல்லை, மண்ணும் இல்லை, வெறுங்கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம், மார்பு உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது.

போர்த்துக்கீசர் இதைப் பசுத்தீவு என்ற பொருளில் 'இல்யா தாஸ் வாக்காஸ்' என்றார்கள். நம் ஆட்களும் அதையேதான் பசுத்தீவு, தயிர்த்தீவு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், வந்து தங்கள் ஊர்ப் பெயரான டெல்ஃப்டை இதற்கு வைத்தார்கள். கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு மாடியாக இருந்ததாம். இப்போது கூரையில்லாத முருகைக்கல் சுவர்களும், நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகளும். பக்கத்திலேயே புறாக்கூடு. ஒரு தடித்த தூண், உச்சியில் பொந்து பொந்தாக. செய்தி கொண்டுபோகும் புறா வளர்த்தார்கள் என்றார் ஓட்டோத் தம்பி. நாங்கள் போனபோது ஒரு காகம் இருந்தது.

பெருக்கமரம் என்று ஒன்றைக் காட்டினார். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். பார்த்தால் நம்ம பொந்தன்புளி! யானைக்கால் போல அடிமரம், உள்ளே நாலைந்து பேர் நிற்கிற பொந்து. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. உள்சுவர் முழுக்கக் காதலர் பெயர்கள். அந்த ஒரு விஷயத்தில் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாகரிகம்தான்.

வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில் இருப்பது கற்குவியல்கள்தான். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிப் போன மீகாமனோடு சண்டை போட்டவன் இந்த வெடியரசன், அது ஈழத்துக் கண்ணகி கதை. பௌத்த தூபிகளின் எச்சம் என்று வேறு ஒரு பேச்சும் உண்டு. தம்பி இரண்டையும் சொல்லிவிட்டு, "கல்லு ஒண்டும் கதைக்கேல்லைத்தானே" என்று ஓட்டோவைக் கிளப்பினார்.

குதிரைகள் தெற்கே, வெட்டவெளியில். தாங்கள் கொண்டுவந்த குதிரைகளைப் போர்த்துக்கீசர் விட்டுப் போக, ஒல்லாந்தர் வளர்க்க, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற லெப்டினன்ட் பண்ணையாகவே நடத்த, எல்லோரும் போனபிறகு குதிரைகள் மட்டும் மிஞ்சின. லாயம் இருந்த இடத்தில் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மட்டக்குதிரை என்கிறார்கள், என் தோள் உயரம்கூட இல்லை. பழுப்பு நிறம்தான் அதிகம், நடுவே ஒன்று நெற்றியில் வெள்ளையோடு. நான் எதிர்பார்த்துப் போனது பிடரி பறக்க ஓடும் குதிரை. அவை ஓடவில்லை. ஆகஸ்ட் வெயிலில் தரையோடு கருகிய புல்லை மாடுகளுக்குப் பக்கத்தில் நின்று கொறித்துக்கொண்டிருந்தன. விலா எலும்பை எண்ணலாம். வறண்டு கிடந்த கல்தொட்டி ஒன்றின் அடியை ஒரு குட்டி நக்கியது. தொட்டியின் விளிம்பு நாக்குப் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. கோடையில் தண்ணீரில்லாமல் வருஷா வருஷம் சில சாகும் என்றார் தம்பி. இவர் எங்கள் பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் ஊற்றினார். குட்டி விலகிப் போய்விட்டது. அம்மாக் குதிரை வந்து குடித்தது. அரை லிட்டர்தான்.

அங்கே போனில் சிக்னல் இல்லை. திரும்பி மாவிலித்துறைக்கு வந்தபோது மணி இரண்டேகால், துறையில் ஒரு படகும் இல்லை. எங்கள் விடுதியில் மாலைப் படகு நாலு மணிக்கு என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். காற்று ஏறியதால் ஒரு மணிக்கே கடைசிப் படகை அனுப்பிவிட்டார்களாம். எங்களைவிட ஓட்டோத் தம்பி வாடிப்போனார். தன் குற்றம் போல, "என்ர பெரியம்மா வீட்ட இருங்கோ, நாளைக்குக் காலமை போகலாம்" என்று கூட்டிப்போனார். மாற்றுத்துணி இல்லை, பல் தேய்க்க ஒன்றுமில்லை, கையில் இருந்தது ஆறாயிரத்துச் சொச்சம் இலங்கைக் காசு.

பெரியம்மா வாசலில் நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டனீங்களோ?"

13 ஆகஸ்ட், செவ்வாய்

படகு ஓடாது என்று காலை ஆறு மணிக்கே தெரிந்துவிட்டது. கிணற்றடியில் இரண்டு வாளி. ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உவர்த் தண்ணீர். முகம் வாய் கழுவ நல்லது அரைவாளி, மற்றதெல்லாம் உவரில். யாரும் எங்களிடம் அளந்து சொல்லவில்லை. அரைவாளியைப் பார்த்தால் புரியும். நல்ல தண்ணீர் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வருகிறது. எங்களுக்காக அன்று கூடுதலாக ஒரு கான் சைக்கிளில் வந்ததைப் பார்த்தபிறகு எனக்குக் குளிக்கவே மனம் வரவில்லை.

பிளேன்டீயும் (பால் விடாத தேநீர்) பனங்கட்டியும். இங்கே சீனியைக் கலக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். நான் உடன்குடிக்காரி, கருப்பட்டி விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. நம்மது சிரட்டையில் வார்ப்பது, கறுத்து இறுகியிருக்கும். அங்கே குட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டியில் வார்க்கிறார்கள். நிறம் வெளிறல், வாயில் சீக்கிரம் கரைகிறது, ஓலை மணம் இருக்கிறது. எது மேல் என்று கேட்காதீர்கள். ஊரில் இருக்க வேண்டும்.

பத்து மணிக்கு இவர் ஒரு காரியம் செய்தார். கடல் தெரிகிறதா என்று பார்க்கக் கல்வேலியில் கையூன்றி ஏறினார். மூன்று முழ நீளம் சரிந்து விழுந்தது. சத்தத்துக்கு ஆடு, கோழி, பெரியய்யா எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரியய்யாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். சரத்தை, அதுதான் கைலியை, மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார்.

"காலுக்கு ஒண்டும் ஆகேல்லையே? சரி. வாங்கோ தம்பி, அடுக்குவம்."

பிறகு ஒன்றரை மணி நேரம் இவருக்கு வகுப்பு. கல்லைத் தூக்கிச் சும்மா வைத்தால் பெரியய்யா ஒன்றும் சொல்லமாட்டார், எடுத்துக் கீழே போட்டுவிடுவார். பெரியது அடியில். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் பல் இருக்கிறது, முருகைக்கல்லின் சொரசொரப்பு. அதைக் கீழ்க்கல்லின் பல்லோடு கவ்வ வைத்து லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கவ்வினால் கையை எடுக்கும்போது 'கிறுக்' என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் திருப்பு. ஓட்டையை அடைக்கச் சின்னக் கல்லைச் சொருகப்போன இவர் கையைப் பெரியய்யா தட்டிவிட்டார். "காத்துப் போக வழி விடோணும். அடைச்சா முதல் சோளகத்திலயே சாஞ்சிடும்." நாற்பத்தெட்டு வயதில், சொந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்காத மனிதர், கிறுக் சத்தம் வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விரல் நுனியெல்லாம் சிராய்ப்பு.

நான் அதற்குள் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் ஆச்சி பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் முடைவது என்போம், இவர்களுக்கு இழைப்பது. பாட்டியை ஆச்சி என்று கூப்பிடுவது மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. சாயம் போட்ட சிவப்பு, பச்சை ஓலையில் கடைக்கு அனுப்புகிற சின்னப் பெட்டிகள் ஒரு பக்கம். வீட்டுக்கானது தனி: கடகம், சுளகு, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. எதிலும் சாயம் இல்லை. உத்தரத்தில் தொங்கிய பழைய கடகம் ஒன்றைக் காட்டி விலைக்குக் கேட்டேன். புகைபட்டுத் தேன் நிறமாகியிருந்தது.

"அது தர ஏலாது பிள்ளை. அதுக்குள்ள ஒடியல் கிடக்கு. இருங்கோ, புதுசு ஒண்டு இழைச்சுத் தாறன். எப்பிடியும் இண்டைக்கு நீங்கள் எங்க போகப்போறியள்?"

நனைத்து வைத்த ஓலையை ஈர்க்கு நீக்கிச் சின்னக் கத்தியால் வார்ந்தார். அளவுகோல் இடது கைச் சுண்டுவிரல் நகம். எல்லாக் கீற்றும் அதே அகலம். அடியைப் பெருவிரலால் மிதித்துக்கொண்டு சதுரமாகத் தொடங்கி, நாலு மூலையிலும் ஓலையை மேலே மடக்கினார். மூலை மடங்கிய அந்த நிமிஷம்வரை அது பாய், அதற்குப் பிறகு பெட்டி. என் ஆச்சி செய்து ஆயிரம் முறை பார்த்ததுதான். ஆனால் எங்கள் ஆச்சி மூலையை வலப்பக்கம் மடக்குவார், இவர் இடப்பக்கம். நான் ஒரு வரி இழைத்துப் பார்த்தேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் அந்த வரியைப் பிரித்தார். பெரியய்யாவும் இந்த ஆச்சியும் அண்ணன் தங்கை என்று அப்புறம்தான் தெரிந்தது.

மதியம் ஒடியல் கூழ். ஒடியல் என்றால் காய்ந்த பனங்கிழங்கு. அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்துவிட்டு, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் கொதிக்கிற பானையில் கரைக்கிறார்கள். ஓலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் வாய் காரம், இரண்டாவது வாய் மூக்கில் தண்ணீர், மூன்றாவதுக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. நான் நாலு பிளா. இவர் எண்ணவில்லை என்று சொல்லிக்கொள்கிறார்.

கூழ் முடிந்து கை காயும்போதுதான் பெரியய்யா கேட்டார், நாங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று. தூத்துக்குடிப் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். உங்கட ஆக்கள் இழுவைப்படகோட இங்கால வருவினம், எங்கட வலை எல்லாம் கிழிஞ்சு போகும், மருமகன் இரண்டு தரம் வலைக்குக் கடன் பட்டவன் என்றார். குரலில் கோபம் இல்லை. மழை பெய்யவில்லை என்பது போலச் சொன்னார். பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் கச்சத்தீவுக்கு வடக்கே ராமேசுவரம் படகும் இலங்கைக் கடற்படைப் படகும் மோதி நம் மீனவர் ஒருவர் இறந்திருந்தார். இழுவைமடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் தேரிக்காட்டுக்காரர்கள், கடலுக்கே போகாதவர்கள், அது ராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அவர் வீட்டு நண்டைத் தின்ற கை இன்னும் ஈரமாக இருந்தது. சொல்லவில்லை.

"செத்த மனுசனும் பாவம்தான்," என்று அவராகவே சொன்னார். "அவையளும் முதலாளிக்குக் கூலிக்கு வாறதுதானே." பிறகு வெற்றிலை மடித்தார்.

இரவு காற்று வேலி முழுக்க ஊதியது. இவர் எழுந்து போய் டார்ச் அடித்துத் தான் அடுக்கின மூன்று முழத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

14 ஆகஸ்ட், புதன்

ஒன்பது மணிக்குப் படகு என்றார்கள். பத்தரைக்கு வந்தது.

பெட்டிக்கு ஆச்சி 600 ரூபாய் சொன்னார். இவர் பழக்கதோஷத்தில் "ஐநூறு?" என்று ஆரம்பித்தார். நான் காலை மிதித்தேன். 600ஐ நம் காசில் வகுத்தால் நூற்றெழுபது. ஒரு நாள் வேலை. பெரியம்மாவோடு அதைவிடப் பெரிய சண்டை. காசு வேண்டாம் என்றார். கடைசியில் ஓட்டோத் தம்பி நடுவே நின்று, இரண்டு நாள் சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்து 3000 என்று தீர்த்துவைத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போன பெரியம்மா, புதுப்பெட்டி நிறையப் பனங்காய்ப் பணியாரம் போட்டு எடுத்துவந்தார். பனம்பழக் காலம், அன்று விடியற்காலை சுட்டது. என் காசில் ஐநூறாவது அந்தப் பெட்டிக்குள் திரும்பி வந்துவிட்டது.

குறிகட்டுவான் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பணியாரம் தீர்ந்தது. கடல் சும்மா கிடந்தது. தேசிக்காய் தேவைப்படவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு. உடன்குடி

அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அடியைத் திருப்பி, மூலையை விரலால் தடவி, விளிம்பு கட்டின நாரை இழுத்துப் பார்த்தாள்.

"இது யாரு முடைஞ்சது? மூலை எடப்பக்கமால்லா திரும்பிருக்கு."

நெடுந்தீவில் ஓர் ஆச்சி என்றேன்.

"கட்டு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி, பெட்டியைத் திண்ணையில் குப்புறத் தட்டி, மிச்சம் ஒட்டியிருந்த பணியாரத் தூளைக் கோழிக்குப் போட்டுவிட்டு, உள்ளே கொண்டுபோய்ச் சின்ன வெங்காயத்தைக் கொட்டினாள்.